இருபது இன்ச் ஒன்பது நூல்

மார்ச் 2, திங்கள்

இன்று ஒரு கண்ணாடி போயிற்று.

யாரோ ஒரு பெண்ணின் பட்டமளிப்புப் போட்டோ. அகலம் 9 6/8, அதாவது ஒன்பது இன்ச் ஆறு நூல். இரண்டு பக்கமும் வெள்ளை அட்டை ஓரம், பக்கத்துக்கு 2 5/8. ஐந்து நூலும் ஐந்து நூலும் பத்து நூல். எட்டு நூலுக்கு ஓர் இன்ச் போனால் மீதி இரண்டு. ஆக ஓரங்கள் மட்டும் 5 2/8. போட்டோவையும் கூட்டினால் நறுக்கென்று 15 இன்ச். என் வீட்டுக்காரர் வெட்டி வைத்திருந்ததோ 14 6/8. ஃபிரேமில் வைத்தால் ஒரு ஓரம் உட்காருகிறது, மறு ஓரம் தொபுக்கென்று உள்ளே விழுகிறது. கேட்டால், "கொஞ்சம் சின்னதாயிடுச்சு போல" என்கிறார். போலவாம்.

கை மட்டும் தங்கம், அதையும் எழுதத்தான் வேண்டும். இவர் கீறிய கண்ணாடி பிசிறில்லாமல் பிரியும். எனக்கு இத்தனை வருஷத்தில் அது வந்ததே இல்லை. ஆனால் எங்கே கீறுவது என்பது என் வேலை. நான் அளந்து, கணக்குப் போட்டு, சீட்டில் எழுதிக் கொடுப்பேன், இவர் வெட்டுவார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு என் ஃபிரேம் கடைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. தெருவுக்கு இவர் இன்னும் டைம் கீப்பர்தான்.

மாதக் கடைசியில் நான் மகளிடம் போகவேண்டும். அவளுக்கு முதல் பிரசவம், ஏப்ரல் நடுவில் தேதி. போனால் ஒன்றரை மாதமாவது இருக்கவேண்டும். அதுவரை சீட்டு யார் எழுதுவது? அதற்காகத்தான் இப்போதிருந்தே கணக்கையும் இவர் தலையில் கட்டிப் பார்க்கிறேன். முதல் நாளே இந்த லட்சணம்.

மார்ச் 4, புதன்

பல் டாக்டர் கடைக்கு வந்தார். புதுக் கிளினிக் கட்டுகிறார். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் சுவர் முழுக்க மரம் அடித்து, அதில் பன்னிரண்டு சதுரப் பள்ளங்கள் விடுகிறாராம். ஒவ்வொன்றிலும் அவர் கையாலேயே வரைந்த ஒரு பறவை. ஏன் டாக்டர் பறவை என்று கேட்டேன். "நாள் பூரா பல்லையே பாக்கறேம்மா. பல்லே இல்லாத ஜீவனைப் பாத்தாதான் மனசு ஆறுது" என்றார். ஏப்ரல் பத்தாம் தேதி திறப்பு.

சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. சாதாரணமாகப் படத்தின் அளவை வைத்து ஃபிரேம் செய்வோம். இங்கே ஃபிரேமின் வெளி அளவு பள்ளத்துக்குள் அடங்கவேண்டும். வெளியளவிலிருந்து இரண்டு பக்கச் சட்டத்தையும் கழித்தால்தான் கண்ணாடி அளவு வரும். அதுவும் பன்னிரண்டும் ஒரே அளவாக இருந்தால் பரவாயில்லை. அந்தத் தச்சர் ஒவ்வொன்றாகச் செதுக்குகிறார், ஒன்றுபோல் ஒன்று இல்லை. பாலிஷ் காய்ந்த பிறகுதான் அளக்கமுடியும். பாதிக்கு மேல் நான் ஊருக்குப் போன பிறகுதான் காயும்.

ஆகவே இவர்தான் அளக்கவேண்டும், இவர்தான் கழிக்கவேண்டும். அது சரியாக வந்தால் நான் பஸ் ஏறலாம். வராவிட்டால் கடையிலேயே கிடக்கவேண்டியதுதான்.

மார்ச் 7, சனி

முதல் பள்ளம் தயார். 24 5/8. அளவை இவரே எடுத்துவந்தார், அது சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் தேர்ந்தெடுத்த சட்டம், கண்ணாடி உட்காரும் காடியை விட்டுவிட்டால், பக்கத்துக்கு 1 7/8. இரண்டு பக்கம் சேர்ந்து 3 6/8. இதை நானே போட்டு, மேஜைக்கு மேலே சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிட்டேன். இனி இவர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: பள்ளத்தின் அளவிலிருந்து அந்த 3 6/8-ஐக் கழிப்பது. கழியுங்கள் என்று சொல்லிவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் மனுஷன் டேப்பை விரித்துவைத்துக்கொண்டு அதையே உற்றுப் பார்த்தபடி நிற்கிறார். ஏதோ தொலைந்துபோன மாதிரி. என்ன தேடுகிறீர்கள் என்றேன்.

"ஒன்பதாவது நூலை."

எனக்குப் புரியவில்லை. சீட்டை நீட்டினார். இருபது இன்ச் ஒன்பது நூல்.

ஒரு இன்ச்சில் எட்டு நூல்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இவர் எனக்கு விளக்குகிறார்: இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் எண்ணிப் பார்த்தாராம், எட்டோடு முடிந்துவிடுகிறதாம், டேப்பே மட்டமான டேப்பாம். புது டேப் வாங்கலாமா என்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

மர்மம் துலங்கிவிட்டது. போன். போனில் இருக்கும் கால்குலேட்டர்.

24.5 என்று அடித்திருக்கிறார். அதிலிருந்து 3.6 போனால் 20.9. அதுவும் சமர்த்தாக 20.9 என்று காட்டியிருக்கிறது. போன வாரத்துப் பட்டமளிப்புக் கண்ணாடியும் இப்படித்தான் பலியாகியிருக்கிறது. நூலெல்லாம் புள்ளிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டால் பத்து சேர்ந்தால்தானே ஒன்று ஆகும்? எங்கள் ஊர் இன்ச்சுக்கு எட்டு போதுமே. கூட்டும்போது இரண்டு நூல் குறைகிறது, கழிக்கும்போது இரண்டு நூல் கூடுகிறது. எந்தப் பக்கம் போனாலும் அடி எனக்குத்தான்.

சொன்னேன். "கால்குலேட்டர் தப்பாச் சொல்லுமா?" என்று கேட்டார். அது தப்பாகச் சொல்லவில்லை, நீங்கள் தப்பாகக் கேட்டீர்கள் என்றேன். கடைக்குள் கால்குலேட்டருக்குத் தடை. கால், அரை, முக்கால் என்று பேசுவதற்கு ஏற்கெனவே தடை இருக்கிறது. அரை இன்ச் என்றால் நாலு நூல் என்றுதான் சொல்லவேண்டும், எல்லாம் எட்டில்தான் இருக்கவேண்டும். அப்போதுதான் கூட்டவும் கழிக்கவும் சுலபம். சுலபமாம்! யாருக்கு?

மார்ச் 11, புதன்

மூன்று நாளாகக் காகிதத்தில் பயிற்சி. காலையில் கடை திறந்ததும் ஐந்து கணக்கு.

திங்களன்று 5/8-ம் 5/8-ம் சேர்ந்து 10/16 என்று எழுதினார். கீழே இருப்பதையும் ஏன் கூட்டினீர்கள் என்றேன். "மேல கூட்டினா கீழயும் கூட்டணும்ல, அதுதானே நியாயம்?" நியாயமாம். நூல் நூலாகத்தான் இருக்கும், எத்தனை நூல் என்பதுதான் மாறும். ஐந்து வாழைப்பழத்தோடு ஐந்து வாழைப்பழம் சேர்த்தால் பழம் பூசணிக்காயாகிவிடுமா என்று கேட்டேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாயன்று 18 இன்ச்சிலிருந்து 3 6/8. விடை 15 6/8 என்றார். பதினெட்டில் மூன்றைக் கழித்துவிட்டு ஆறு நூலை அப்படியே கீழே இறக்கிவிட்டார். பதினெட்டில் நூலே இல்லையாம், இல்லாததிலிருந்து எப்படி எடுப்பதாம். பதினெட்டைப் பதினேழாக்கி ஓர் இன்ச்சை உடைத்து எட்டு நூலாக்கவேண்டும், எட்டில் ஆறு போனால் இரண்டு, பதினேழில் மூன்று போனால் பதினாலு, விடை 14 2/8. போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

இன்று அதே மாதிரி இன்னொன்று. கடன் வாங்கினார். சரி. ஓர் இன்ச்சை உடைத்தார். சரி. உடைத்ததைப் பத்தாக்கினார்.

"எட்டு, எட்டு, எட்டு" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பழக்க தோஷமாம். பள்ளிக்கூடத்தில் கடன் வாங்கினால் பத்துதான் கொடுத்தார்களாம்.

மார்ச் 13, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் தூங்கமாட்டேன்.

இரண்டாவது பள்ளம் 21 3/8. விடை 17 5/8 வரவேண்டும். இவர் 17 7/8 வெட்டிவிட்டார். மறுபடியும் அதே இரண்டு நூல், மறுபடியும் கடன் வாங்கிய இடத்தில். சின்னதாகப் போனால் தூக்கிப்போடலாம், பெரிதாகப் போனால் ஆசை விடாது. நறுக்கிச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். இரண்டு நூல் அகலத்துக்குக் கண்ணாடியைக் கீறிப் பிரிக்கவே முடியாது என்று தெரிந்தும் இவர் கீறினார். நட்ட நடுவில் போயிற்று.

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார், மூன்றாவது பறவையை எடுத்துக்கொண்டு.

அவர் முன்னாலேயே கத்திவிட்டேன். "ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல்னு சின்னக் குழந்தைகூட சொல்லும். உங்களை நம்பி எப்படி நான் ஊருக்குப் போறது?" இன்னும் ஏதேதோ சொன்னேன். டாக்டர் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தன் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றார், பாவம். இவர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, காகிதத்தில் சுற்றி, வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

மார்ச் 14, சனி

பேச்சில்லை. சாப்பாடு போட்டேன், சாப்பிட்டார். "உப்பு" என்றார். அதுதான் இன்றைய மொத்தப் பேச்சு.

மார்ச் 16, திங்கள்

மகள் கூப்பிட்டாள். கால் வீங்கியிருக்கிறதாம், செருப்பு நுழையவில்லையாம். எப்போது வருகிறாய் என்று கேட்டாள். கடை நிலவரத்தைச் சொன்னேன். வழியும் நானே சொன்னேன்: அப்பா அளந்ததும் எனக்குப் போன் போடட்டும், நான் அங்கிருந்தே கணக்குச் சொல்லிவிடுகிறேன், ஒரு நிமிஷ வேலை.

மெதுவாகச் சொன்னாள்: "நான் வலியில கத்திட்டிருக்கும்போது நீ பக்கத்துல உக்காந்து நூல் கணக்கு சொல்லிட்டிருப்ப, அப்படித்தானே?"

இல்லடி, அப்படியில்லை என்றேன்.

"என் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கும் அப்படித்தாம்மா வந்த. போனைக் காதுல வெச்சுக்கிட்டே. வர்றதுன்னா முழுசா வா. இல்லன்னா அவரோட அக்கா வர்றேன்னு சொல்லியிருக்காங்க, அவங்களையே வரச் சொல்லிடறேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. அவள்மீது இல்லை, இவர்மீதும் முழுக்க இல்லை. யார்மீது என்று தெரியாத கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச் 17, செவ்வாய்

மூன்றாவது பள்ளம் 19 1/8. கணக்கை நானே போட்டேன். 15 3/8. வாயைத் திறக்காமல் வெட்டினார். கச்சிதம்.

மார்ச் 19, வியாழன்

சொல்லிவிட்டேன். வரமுடியாதுபோல இருக்கிறது, மாப்பிள்ளையின் அக்காவையே வரச்சொல் என்று. டாக்டருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, பாதியில் கைகழுவ முடியாது, குழந்தை பிறந்த பிறகு வந்து ஒரு மாதம் இருக்கிறேன் என்றெல்லாம் நீட்டி முழக்கினேன். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரிம்மா" என்றாள். அவ்வளவுதான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் கதவோரம் நிற்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறார். என்ன பார்க்கிறீர்கள், எல்லாம் உங்களால்தான் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை ஒரு வழி பண்ணினேன்.

மார்ச் 21, சனி

படத்துக்கு ஓரம் வைக்கிற மவுண்ட் அட்டை தீர்ந்துவிட்டது. மொத்தக் கடைக்கு நானே போகவேண்டியதாயிற்று, இரண்டு பஸ் மாறி. போகும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனேன்: நான் வரும்வரை எதையும் வெட்டவேண்டாம், பெருக்கித் துடைத்து வைத்தால் போதும்.

திரும்பி வர மாலையாகிவிட்டது. மேஜைமேல் இரண்டு ஃபிரேம் கண்ணாடி போட்டு முடிந்து நிற்கிறது. நாலாவதும் ஐந்தாவதும். காலையிலேயே பாலிஷ் காய்ந்துவிட்டது என்று தச்சர் ஆள் அனுப்பினாராம். போய் அளந்து, வந்து வெட்டிவிட்டார்.

டேப்பை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். அசைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் கச்சிதம். இரண்டிலுமே கடன் வாங்கவேண்டிய கணக்கு.

யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டேன். யாருமில்லை என்றார். தச்சரா? இல்லை. போனா? சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

குருட்டாம்போக்கில் ஒன்று சரியாகலாம். இரண்டுமா?

மார்ச் 22, ஞாயிறு

கடை விடுமுறை. ஆனாலும் இவரைக் கூட்டிக்கொண்டு போய்த் திறந்தேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும். 24 5/8, முதல் நாள் கணக்கு, அதையே போட்டுக் காட்டுங்கள் என்றேன். பென்சிலைப் பிடித்தார். எழுதினார். அடித்தார். காது சிவந்தது. மறுபடி கடன் வாங்கி, மறுபடி பத்து.

நேற்று எப்படி வந்தது அப்புறம்?

"நீ பின்னாடி வந்து நின்னா எனக்கு என் பேரே மறந்துபோகுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்கிற மாதிரி சொன்னார். "நீ அங்க போய் உக்காரு. திரும்பிக்கோ."

முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் என்னை எங்கேயும் உட்காரச் சொன்னதில்லை. போய் ஸ்டூலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் இவர் குரல் மட்டும் கேட்டது, டிப்போ மைக்கில் கேட்குமே அந்தக் குரல்.

"மூணு இன்ச் ஆறு நூல்ல கிளம்பறோம். ரெண்டு நூல் போனா நாலு இன்ச். நாலுல இருந்து இருபத்திநாலுக்கு இருபது. மேல அஞ்சு நூல். இருபது இன்ச், ரெண்டும் அஞ்சும் ஏழு நூல்."

இருபது இன்ச் ஏழு நூல்.

நான் திரும்பிவிட்டேன். இது என்ன கணக்கு, கழிக்கவே இல்லையே என்றேன்.

"டிப்போவுல யாரு கழிச்சா? நாலு அம்பதுக்குக் கிளம்பின வண்டி ஏழு இருபதுக்கு வந்தா எவ்வளவு நேரம்? பத்து நிமிஷத்துல அஞ்சு மணி. ரெண்டு மணி நேரத்துல ஏழு. மேல இருபது. வண்டி முன்னாலதான் போகும். இருபத்தஞ்சு வருஷம் நான் அப்படித்தான் போட்டேன். நீ கழிங்க, கடன் வாங்குங்கன்னு சொன்ன, நானும் வாங்கினேன்."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? கேட்டேன். சொல்ல இடம் கொடுத்தாயா என்று கேட்பார் என்று நினைத்தேன். அதையும் கேட்கவில்லை. "எனக்கே நேத்துதான் தோணுச்சு" என்றார். "சத்தமில்லாம இருந்துச்சு."

மார்ச் 23, திங்கள்

இவ்வளவு சுலபத்தில் நம்புகிறவளா நான்? இன்று ஒரு கண்ணி வைத்தேன். 22 7/8 என்று நானாக ஒரு பள்ளத்தைக் கற்பனை பண்ணிக் கொடுத்தேன். இதில் கடனே வாங்கவேண்டாம். இருபத்திரண்டில் மூன்று போனால் பத்தொன்பது, ஏழில் ஆறு போனால் ஒன்று. என் வழியில் 19 1/8 கண்ணை மூடிக்கொண்டு வரும். இவர் வழியிலோ மாட்டிக்கொள்வார்.

ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தேன். இரண்டு நூலில் நாலு. பதினெட்டில் இருபத்திரண்டு. மேலே ஏழு. "பதினெட்டு இன்ச், ஒன்பது நூல்" என்றது குரல்.

ஒன்பது நூல். மறுபடியும். நான் எழுந்தே விட்டேன்.

"இரு. எழுபது நிமிஷம்னு யாராவது லாக் ஷீட்டுல எழுதுவாங்களா? எட்டு போய் ஒரு இன்ச், மிச்சம் ஒண்ணு. பத்தொம்பது இன்ச், ஒரு நூல்."

உட்கார்ந்துவிட்டேன். எரிச்சல் வந்தது, அதை மறைப்பானேன்? இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியது எதற்கு? இரண்டு கண்ணாடி எதற்கு? ஊருக்கு வரவில்லை என்று பெற்ற பெண்ணிடம் சொன்னது எதற்கு?

மார்ச் 24, செவ்வாய்

மகளுக்கு எப்படிச் சொல்வது என்று நாள் முழுக்க யோசித்தேன். வருகிறேன், வரவில்லை, வருகிறேன். இது என்ன பஸ்ஸா, ஏறி இறங்க? அவள் மறுபடி "சரிம்மா" என்று சொன்னால் தாங்கமாட்டேன்.

மார்ச் 25, புதன்

இவரே அவளைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல். "உங்கம்மா ஞாயித்துக்கிழமை பஸ் ஏறுறா. நான் டிக்கெட் எடுத்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவள் கேட்டிருக்கிறாள், அம்மாவோட போனும் வருமா என்று. வராது என்றாராம். அது கடையில் என்னிடம் இருக்கும் என்றாராம்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னலோர சீட் எடுத்திருக்கிறார். எனக்கு ஜன்னலோரம் என்றால் காது வலிக்கும், அது இவருக்கு இன்னும் தெரியாது.

மார்ச் 28, சனி

ஆறாவது, ஏழாவது முடிந்தது. நான் அடுத்த அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன், எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யாருக்குத் தெரியும்?

அளவு எடுக்கும்போது கவனிக்கவேண்டியதை ஒரு பெரிய அட்டையில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டினேன். பதினாலு விஷயம். மாலையில் பார்த்தால் அட்டை என் பெட்டிக்குள் புடவைகளுக்கு மேலே கிடக்கிறது. "நீயே எடுத்துட்டுப் போ, பஸ்ல படிச்சுக்கோ" என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

பஸ்ஸில். எழுத்து ஆடுகிறது. காது வலிக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

மகளுக்கு முகமெல்லாம் வீங்கி, பாவமாக இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முதலில் என் கையைத்தான் பார்த்தாள். கையில் போன் இல்லை. அப்புறம்தான் கட்டிக்கொண்டாள்.

இவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மாப்பிள்ளையின் போனுக்காவது கூப்பிட்டிருக்கலாம். எட்டாவது பள்ளம் என்ன அளவு? நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முடிவு. முடிவெல்லாம் சரி, நெஞ்சு நமைக்கிறதே.

ஏப்ரல் 2, வியாழன்

பெண் குழந்தை. யாரும் எதிர்பார்க்கவில்லை, தேதிக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. விடிவதற்குள் வலி கண்டு, மதியத்துக்குள் முடிந்துவிட்டது. முழு நேரமும் அவள் கை என் கையில்தான் இருந்தது. நெரித்த நெரியில் விரல் இன்னும் மடங்கவில்லை, அதனால் இவ்வளவுதான் எழுதமுடிகிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

நான் அன்று சொன்னபடியே கடையில் இருந்திருந்தால்? குழந்தை பிறந்த பிறகு வருகிறேன் என்று நீட்டி முழக்கினேனே. இரண்டு நூலில் போயிருக்கும் எல்லாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மாப்பிள்ளை போனில் இவரைப் பிடித்தேன். பேத்தி எப்படி இருக்கிறாள் என்றார். உங்கள் மூக்கு என்றேன். சந்தோஷம் என்றார். வேறு? "கண்ணாடி ஒண்ணு பாதியில கீறி நிக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

என்னையே வைத்துவிட்டார். இதே வேலையை நான் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன் என்று மகள் சிரிக்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஏப்ரல் 7, செவ்வாய்

குழந்தை தூங்குகிறாள், மகளும் தூங்குகிறாள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. யோசிக்க நேரம் கிடைத்தால் இதுதான் தொல்லை. இவர் பேத்தியை எப்போது பார்ப்பார்? நான் திரும்பிப் போய்க் கடையைப் பார்த்துக்கொண்டால்தான் இவர் கிளம்பமுடியும். அதற்குள் குழந்தை குப்புற விழுந்துவிடும். இருவரில் ஒருவர் கடையில் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டது யார்? நான்தான். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அந்தக் கதவை நான் பூட்டியதில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

காலையிலிருந்து இவருக்குப் போன் போட்டேன். முதலில் வீட்டு நம்பர். அப்புறம் கடையில் இருக்கும் என் நம்பர். அப்புறம் இவர் நம்பர். மூன்றிலும் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. நாளை திறப்பு விழா, மிச்சம் எத்தனை இருக்கிறதோ, கண்ணாடியில் கையை வெட்டிக்கொண்டாரோ, ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் போன் சூடாகிவிட்டது. ஒரு மனுஷனுக்குக் கையில் இரண்டு போன் இருந்தும் ஒன்றைக்கூட எடுக்கத் தெரியாதா? மகள், விடும்மா, வேலையாக இருப்பார் என்கிறாள். என்ன பெரிய வேலை.

மதியம் துணி உலர்த்தப் போனவள் எதேச்சையாகக் கீழே பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் கையில் பையோடு நின்று, எந்த வீடு என்று அண்ணாந்து தேடிக்கொண்டிருக்கிறார். சட்டை முழுக்க மரத்தூள். இவர்தான்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். கடையை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள், நாளைக்குத் திறப்பை வைத்துக்கொண்டு இப்படிப் பூட்டிவிட்டு வந்து நின்றால் டாக்டர் என்ன நினைப்பார், வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடமாட்டார்களா, ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா, போனை எடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று மூச்சுவிடாமல் கேட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

இவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கியபோது சொன்னார்: "பன்னெண்டும் நேத்தே மாட்டியாச்சு. ஒண்ணுகூட ஆடல. ரெண்டு போனையும் மேஜையிலேயே மறந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. விடிந்ததிலிருந்து அத்தனை தடவை நான் கூப்பிட்டதே, டாக்டர் காத்திருந்தால் காத்திருக்கட்டும், கடையைப் பூட்டிவிட்டுக் குழந்தையைப் பார்க்க வாருங்கள் என்று சொல்லத்தான்.

சொல்லவில்லை. வாய் வரவில்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார். "கை கழுவணும், தண்ணி காட்டு. குழந்தையைத் தொடணும்."